உயரத்தைத் தாங்குவது எது? சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் வரலாறும் அமைப்பும்



கெடாவில் நடக்கும் பொழிவில் சென்னையிலுள்ள ஒரு கட்டடத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என் தலைமுறையினர் பலருக்கு அந்தக் கட்டடம் தோட்டத்திலேயே அறிமுகமானது. திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டும் இரவுகளில், கிராமத்திலிருந்து பட்டணத்திற்குப் பிழைப்புத் தேடி வரும் கதாநாயகன் சென்னையில் காலடி வைத்ததும் திரையில் முதலில் தோன்றுபவை இரண்டு: சென்ட்ரல் இரயில் நிலையம் ஒன்று, மவுண்ட் ரோட்டில் நெட்டையாக நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் மற்றொன்று. அதைப் பார்த்ததும் கதை சென்னைக்கு வந்துவிட்டது என்று பாயில் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கும் விளங்கிவிடும். இரப்பர் மரத்தின் உச்சியையும் புகைக்கூடத்தின் கூரையையும் தவிர வேறு உயரம் அறியாத எங்களுக்கு அதுவே மாநகரத்தின் முகமாக இருந்தது.

ஆயினும் அக்கட்டடத்துக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவு திரைப்படத்தோடு முடிவதில்லை. அந்த உறவையும், ஓர் உயர்ந்த கட்டடத்தை உண்மையில் தாங்கி நிற்பது எது என்ற கேள்வியையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கடாரம் கட்டிய மாடம்

தமிழ் மண்ணில் எழுந்த உயர்ந்த கட்டடம் ஒன்றுக்குக் கடாரம் பொருள் தந்தது புதிய செய்தியன்று. மாரவிசயோத்துங்கவர்மன் என்னும் கடாரத்து அரசன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரத்தை எழுப்பினான். முதலாம் இராசராச சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், அந்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை அறக்கொடையாக அளித்தான். இச்செய்தியைத் தரும் செப்பேடுகள் பிற்காலத்தில் லெய்டன் நகரைச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. அவற்றின் வடமொழிப் பகுதி விகாரத்தின் உயரத்தைப் பொன்மலையாகிய மேருவோடு ஒப்பிட்டுப் புகழ்கிறது.

கடாரத்திற்கும் சோழ நாட்டிற்கும் இடையே போர் மூண்டது 1025ஆம் ஆண்டளவில், இராசேந்திர சோழன் காலத்தில். கடாரம் கொண்டான் என்ற பட்டத்தை நாம் நன்கு நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னரே கடாரம் நம்மவர் கரையில் ஒரு மாடத்தைக் கட்டியிருந்தது என்பதை நம் பாடநூல்களில் அத்தனை அழுத்தமாகச் சொல்வதில்லை. அந்த விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்ட செங்கற்கோபுரம் 1867ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளப்பட்டது. இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இறுதியில் மீண்டும் இதற்கு வருவேன்.

சுவரா, சட்டகமா?

வானளாவி என்று நாம் இன்று அழைக்கும் கட்டடம் வெறும் உயரத்தால் அப்பெயரைப் பெறவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இன்றைய பேச்சின் பொருளான சென்னைக் கட்டடத்தைவிட அது உயரமானது. எனினும் அதனை எவரும் வானளாவி என்பதில்லை. மனிதர் மாடிமேல் மாடியாக அமர்ந்து பணிபுரியும் உயரமே வானளாவி. அதற்கு இரண்டு புதுமைகள் தேவைப்பட்டன.

முதலாவது மின்தூக்கியின் முன்னோடி. கயிறு அறுந்தாலும் கூண்டு கீழே விழாமல் தடுக்கும் அமைப்பை எலிஷா ஓட்டிஸ் 1854ஆம் ஆண்டில் நியூயார்க் பொருட்காட்சியில் மக்கள் முன்னிலையில் செய்து காட்டினார். அதுவரை மேல்மாடி என்பது படியேறிக் களைத்தவர்களின் இடமாக இருந்தது. அதன் பின்னர் மேல்மாடிக்கே மதிப்புக் கூடியது.

இரண்டாவது புதுமை சுமையைத் தாங்கும் முறை. செங்கல் கட்டடத்தில் மேலுள்ள தளங்களின் எடை முழுவதையும் சுவர்கள் தாங்க வேண்டும். மாடிகள் கூடக் கூட அடிச்சுவர் பருத்துக்கொண்டே போகும். சிகாகோவில் 1891ஆம் ஆண்டில் எழுந்த 16 மாடி மொனாட்நாக் கட்டடத்தின் அடிச்சுவர் ஆறு அடிப் பருமன் கொண்டது. இன்னும் சில மாடிகள் ஏற்ற முனைந்தால் தரைத்தளத்தில் சுவரே இடத்தை விழுங்கிவிடும்.

இதற்கான தீர்வு நம் தோட்டத்துப் பழைய பலகை வீடுகளில் இருந்தது என்றால் நீங்கள் வியக்கக்கூடும். அவ்வீட்டில் கூரையைத் தாங்குபவை மரத்தூண்களும் உத்தரங்களும். பலகைச் சுவர் வெயிலையும் மழையையும் மறைக்கும் திரை மட்டுமே. நான்கு பலகைகளைக் கழற்றினாலும் வீடு சாயாது. மரத்திற்குப் பதிலாக இரும்பையும் எஃகையும் வைத்து இதே முறையைப் பெரிதாக்கியதே வானளாவியின் சட்டகம். வில்லியம் லி பாரன் ஜென்னி என்ற பொறியாளர் வடிவமைத்து 1885ஆம் ஆண்டில் சிகாகோவில் கட்டிமுடிக்கப்பட்ட 10 மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் உலகின் முதல் வானளாவி என்று பலராலும் போற்றப்படுவது இதனால்தான். அதன் உயரம் 138 அடி.

அக்கட்டடம் 1931ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. இடிக்கும்போது, அது உண்மையிலேயே சட்டகத்தால் நின்றதா என்பதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. முதல் வானளாவி என்ற பெயருக்கு அது உரியதே என்று குழு முடிவு செய்தது. சுவர்களும் ஓரளவு சுமை தாங்கின என்று கூறி அம்முடிவை மறுக்கும் அறிஞர்களும் உண்டு. தாங்கியது எது என்ற கேள்வி, கட்டடம் உரித்துப் பார்க்கப்பட்டபோதுதான் முறையாக எழுந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

காப்புறுதியும் கோபுரமும்

ஹோம் இன்சூரன்ஸ் என்ற பெயரைக் கவனித்தீர்களா? அது ஒரு காப்புறுதி நிறுவனம். பயணிகளுக்கான மின்தூக்கியைத் தொடக்கக் காலத்திலேயே அமைத்து 1870ஆம் ஆண்டில் நியூயார்க்கில் எழுந்த அலுவலகக் கட்டடம் ஈக்விட்டபிள் என்ற ஆயுள் காப்புறுதி நிறுவனத்தினுடையது. 1909இல் உலகின் மிக உயர்ந்த கட்டடமாக நின்ற நியூயார்க் கோபுரம் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தினுடையது. தமிழகத்தில் காப்பீடு என்பதை நாம் மலேசியாவில் காப்புறுதி என்கிறோம். உறுதி என்ற சொல்லிலேயே காரணம் இருக்கிறது.

ஆயுள் காப்புறுதி நிறுவனம் விற்பது ஒரு வாக்குறுதியை. இன்று சந்தா செலுத்துபவர், தம் மறைவுக்குப் பின்னரோ இருபது முப்பது ஆண்டுகள் கழித்தோ தம் குடும்பத்துக்குப் பணம் வரும் என்று நம்ப வேண்டும். அத்தனை ஆண்டுகள் அந்த நிறுவனம் இருக்குமா என்ற ஐயத்துக்கு, கண்ணால் காணக்கூடிய விடையாகக் கட்டடத்தை எழுப்பினார்கள். மேலும், சிறுகச் சிறுகச் சேரும் சந்தாப் பணத்தை நீண்டகாலம் நிலைக்கும் சொத்தில் முடக்குவது அத்தொழிலின் இயல்பு. ஆகவே அந்த மாடிகள் பல்லாயிரம் பேரின் சில்லறைச் சேமிப்பின் மேல் நின்றன.

செட்டியாரின் கனவு

இந்த மரபிலேதான் சென்னைக் கட்டடமும் பிறந்தது. அதனை எண்ணியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1908ஆம் ஆண்டில் பிறந்த நகரத்தார். 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே சமயத்தில் தொடங்கினார். விரைவில் பினாங்கிலும் அதன் கிளை திறக்கப்பட்டது. வங்கியின் பெயரிலேயே கடல் கடந்த நாடுகள் இடம்பெற்றதற்குப் பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய தொழிலே காரணம். கெடாவின் நகரங்களிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. நெல் விளைத்த மலாய்க்காரரும், கடை வைத்த சீனரும், ஆள் கூட்டிய கங்காணியும் அங்கே கடன் வாங்கினார்கள். கடன் சிலரை வாழவைத்தது. சிலரின் நிலத்தைப் பறித்தது. இரண்டையும் சொல்வதுதான் வரலாற்றுக்கு நேர்மை.

யுனைடெட் இந்தியா ஆயுள் காப்புறுதி நிறுவனத்தையும் நடத்திவந்த செட்டியார், அதன் தலைமையகத்தை மவுண்ட் ரோட்டில் இதுவரை இந்தியா காணாத உயரத்தில் அமைக்க விரும்பினார். இலண்டனைச் சேர்ந்த எச்.ஜே. பிரௌன், எல்.சி. மோலின் என்னும் கட்டடக் கலைஞர்கள் வரைபடம் வகுத்தனர். முதலில் எண்ணியது 18 மாடிகள். 1953ஆம் ஆண்டில் பணி தொடங்கியது.

அடுத்த ஆண்டு, 1954 மார்ச் 13ஆம் நாள், சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. அதிலிருந்த 40 பேரில் 33 பேர் உயிரிழந்தனர். பயணிகளுள் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 45 அல்லது 46. பிறர் உயிருக்குக் காப்புறுதி வழங்கிய நிறுவனத்தின் தலைவர், தம் கட்டடம் தரையைவிட்டு எழும்பும் முன்னரே நம் கடற்கரைப் பக்கத்தில் மறைந்தார்.

1956ஆம் ஆண்டில் இந்திய அரசு ஆயுள் காப்புறுதித் தொழிலை நாட்டுடைமையாக்கியது. 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் 1ஆம் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே எல்.ஐ.சி. பாதி எழும்பியிருந்த கட்டடமும் கழகத்தின் கைக்கு மாறியது. 1957இல் இலண்டன் கலைஞர்களும் விலகினர். எஞ்சிய பணியைச் சென்னையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எல்.எம். சிட்டாலே ஏற்று முடித்தார். கட்டுமானத்தை நிறைவேற்றியது கோரமண்டல் எஞ்சினியரிங் நிறுவனம். 1959 ஆகஸ்ட் 23ஆம் நாள் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கட்டடத்தைத் திறந்து வைத்தார். செலவு ஏறத்தாழ 87 இலட்சம் ரூபாய்.

எண்ணியவர் இல்லை, வரைந்தவர் இல்லை, தொடங்கிய நிறுவனமும் இல்லை. இருப்பினும் கட்டடம் எழுந்து நின்றது.

அமைப்பு

கட்டடத்தின் உயரம் 177 அடி. அதாவது 54 மீட்டர். எண்ணிய 18 மாடிகள் எட்டப்படவில்லை. சென்னை மக்கள் அதைப் பதினான்கு மாடிக் கட்டடம் என்றே அழைத்தனர். திறக்கப்பட்டபோது இந்தியாவின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே. 1961இல் மும்பையின் உஷா கிரண் அதனை விஞ்சியது. சென்னைக்குள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு இணையில்லை.

அதன் வடிவத்தை ஒரு தீப்பெட்டியை நீளவாட்டில் நிமிர்த்தி வைத்ததைப் போன்றது எனலாம். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் எழுந்த ஐக்கிய நாடுகள் செயலகத்தின் சாயல் அதில் உண்டு. விரிந்த முகங்களில் வரிசை வரிசையாகச் சாளரங்கள். ஆழம் குறைந்த கட்டடமாதலால் உள்ளே அமர்ந்திருப்போர் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வெகுதூரத்தில் இருப்பதில்லை.

இதைவிட முக்கியமானது கட்டுமானப் பொருள். அதுவரை மவுண்ட் ரோடு சுண்ணாம்பும் செங்கல்லும் ஆண்ட சாலை. பருத்த சுவர், வளைவு, தூண் வரிசை, குவிமாடம் ஆகியவற்றால் ஆன கட்டடங்களே அங்கு நிறைந்திருந்தன. அவற்றுக்கிடையே கான்கிரீட் தூண்களால் சுமை தாங்கும் கட்டடம் எழுந்தபோது, அந்நகரின் கட்டடத் தொழிலே திசை மாறியது. கற்காரை என்று நூல்களில் எழுதப்படும் கான்கிரீட், அமுக்கும் சுமையை நன்கு தாங்கும். இழுக்கும் விசைக்கு விரிசல் விடும். எஃகு இழுவிசையைத் தாங்கும். ஆனால் நெருப்பில் தளரும், ஈரத்தில் துருப்பிடிக்கும். எஃகைக் கான்கிரீட்டுக்குள் வைத்தால் ஒன்றன் குறையை மற்றொன்று காக்கும்.

அந்தக் காவல் 1975 ஜூலை 11ஆம் நாள் சோதிக்கப்பட்டது. அன்று கட்டடத்தில் பெருந்தீ பரவியது. தீ அணைந்த பின்னரும் சட்டகம் நின்றது. கட்டடம் செப்பனிடப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் அக்கழகத்தின் தென்மண்டல அலுவலகமாக விளங்குகிறது.

நம்முடைய கட்டடம்

அன்பு மாணவர்களே, சென்னையில் அக்கட்டடம் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மலாயா விடுதலையை நெருங்கியபோதும் அதன் பின்னரும், ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை உங்கள் தாத்தா பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் மாறும். வேலையும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று, பள்ளியும் கோயிலும் நிலமில்லாமல் நின்றன.

அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். மாதம் பத்து வெள்ளி சேமியுங்கள். விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்பது அவர் முன்வைத்த கருத்து. 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பால்வெட்டி வாங்கிய கூலியிலிருந்து மிச்சம் பிடித்த வெள்ளிகள் ஒரு தோட்டத்தையே தாங்கிப் பிடித்தன. இன்று கோலாலம்பூரில் நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன், அச்சங்கத்தின் தலைமையகம். அதனை நிமிர்ந்து பார்க்கும்போது நம் பாட்டியரின் சுருக்குப்பையும் நினைவுக்கு வர வேண்டும்.

சென்னையில் சந்தா, இங்கே பங்குப் பணம். இரண்டிடத்திலும் உயரத்தைத் தாங்கியவர்களின் பெயர் கல்வெட்டில் இல்லை. திறந்து வைத்தவரின் பெயரையும் வரைந்தவரின் பெயரையும் நூல்களில் காணலாம். சாரத்தின் மேல் கான்கிரீட் சட்டி சுமந்த பெண்களின் பெயர்களை எங்கே காண்பது?

இடிந்தபின் எழும் கேள்வி

நாகப்பட்டினத்துக் கோபுரம் 1867இல் இடிந்தது. சிகாகோவின் முதல் வானளாவி 1931இல் இடிந்தது. மூன்றாவது இடிப்பு நமக்கு மிக அருகில் நடந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் சுங்கை பத்து பகுதியிலிருந்த 11ஆம் எண் சண்டி, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைமையுடையது, நில மேம்பாட்டுப் பணியில் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. நாடே அதிர்ந்தது. ஆனால் அதற்கு முந்திய நாள் வரை அந்த இடத்தைச் சென்று பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

மாமன்னர் கட்டியதற்கே இக்கதி என்றால், தோட்டத்துக் கட்டடங்களை எவர் காப்பார்? செம்பனையும் தொழிற்பேட்டையும் வீடமைப்புத் திட்டங்களும் பரவும் வேகத்தில் லயங்களும் புகைக்கூடங்களும் ஆயாக் கொட்டகைகளும் மறைந்து வருகின்றன. எல்லாவற்றையும் காக்க இயலாது. காக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமன்று. ஒழுகும் லயத்தைவிட நல்ல வீடு மேலானது. ஆயினும் இடிபடும் முன்னர் அதனை எழுதி வைக்க இயலும்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் மாணவர்களை அளவுநாடாவோடு ஒரு பழைய தோட்டத்துக்கு அனுப்புங்கள். ஒரு லயத்து வீட்டின் நீள அகலம், தூண் எத்தனை, எந்த மரம், கூரை எதனால் ஆனது, எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்று குறித்து வரட்டும். அங்கே வாழ்ந்தவர் ஒருவரைக் கண்டு அவர் சொல்லும் சொற்களையும் அப்படியே எழுதட்டும். கட்டடக் கலைச்சொற்களைத் தமிழில் தேடும் நமக்கு, தச்சரும் கொத்தனாரும் வழங்கிய சொற்கள் அந்த முதியவர்களிடம் இன்னும் இருக்கின்றன. அவர்களோடு அவை போய்விட்டால் எந்த அகராதியும் மீட்டுத் தராது.

ஒரு கட்டடம் எதனால் நின்றது என்பதை இடிந்த பின்னர் குழு அமைத்து ஆராயும் நிலை நமக்கு வேண்டா. நிற்கும்போதே கேட்போம், நினைவிருப்பவர் இருக்கும்போதே எழுதுவோம்.